ஜன்னல் ஓரத்துப் பெட்டி

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை செய்தவள் நான். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். நாற்பது பிள்ளை இருந்த காலமும் உண்டு. திரும்பிப் பார்க்காமலே, அழுகிற சத்தத்தை வைத்து இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவேன். எனக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. அதை யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்ல நான் இடம் கொடுத்ததுமில்லை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், எழுதுவதும் அப்படித்தான். இதையும் பல நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தங்கை இறந்த பிறகு அவள் மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்ததும் நான்தான். அவள் புருஷன் கத்தாருக்குப் போன அடுத்த மாதம், வயிற்றில் மூன்று பிள்ளை என்று ஸ்கேனில் சொன்னார்கள். கிளினிக்குக்காகக் கலஹாவிலிருந்து பேராதனைக்குப் பஸ் ஏறினால் அவளுக்கு இரண்டு சீட் வேண்டியிருந்தது. ஏழாம் மாதத்திலேயே பிரஷர் ஏறி வலிப்பு வந்துவிட்டது. ஆபரேஷன் செய்து மூன்றையும் வெளியே எடுத்தார்கள். மூன்றும் பெண். அவளை நினைவில்லாமல் ஒரு பக்கம் கொண்டுபோனார்கள், பிள்ளைகளை ஒரு பக்கம். இரண்டு வார்ட்டுக்கும் நடுவில் ஒரு பெஞ்சு இருந்தது. நான் அதில் உட்கார்ந்தேன்.

காலையில் முதல் பஸ்ஸில் வந்து கடைசி பஸ்ஸில் திரும்புவேன். திரும்பி வந்து யாரிடம் சொல்வது? அடுப்புப் பற்ற வைக்காமல் பாண் துண்டைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுவிட்டுப் படுப்பேன். பெஞ்சிலும் தனியாள்தான். பக்கத்தில் வந்து உட்காருகிறவர்கள் எல்லாரும் பெற்றவர்கள். “ஒங்க மகளா?” என்று கேட்பார்கள். “ஆமா” என்று சொல்லி வாயை மூடிக்கொள்வேன்.

பிள்ளைகள் இருந்த அறைக்குள் தாய்மாரைத்தான் விடுவார்கள். தாய்க்கு நினைவில்லை என்பதால் காலையில் பத்து நிமிஷம், மத்தியானம் பத்து நிமிஷம் என்னை விட்டார்கள். முழங்கை வரை கழுவி, மேலங்கி போட்டுக்கொண்டு போகவேண்டும். மூன்று கண்ணாடிப் பெட்டி. கதவோரம் ஒன்று, நடுவில் ஒன்று, ஜன்னல் ஓரம் ஒன்று. உள்ளே கிடந்தவை என் உள்ளங்கைக்கும் விரலுக்கும் சரியாக இருக்கும். மூக்கிலும் வாயிலும் குழாய். ஒன்றாவது சத்தமாக அழவில்லை. அழாத பிள்ளையை நான் எதை வைத்து அடையாளம் காண்பது? காலில் ஒரு பட்டி கட்டி, அதில் இங்கிலீஷில் பொடிப்பொடியாக எழுதியிருந்தார்கள். இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள் என்று நர்ஸ் மிஸ்ஸியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கதவோரத்துப் பிள்ளை, நடுப்பிள்ளை, ஜன்னல் ஓரத்துப் பிள்ளை என்று நானே கணக்கு வைத்துக்கொண்டேன். ஜன்னல் ஓரத்துப் பிள்ளைதான் ஆகவும் நோஞ்சான்.

ஆறாம் நாள் மத்தியானம் டொக்டர் வெளியே வந்தார். யாழ்ப்பாணப் பக்கத்துப் பையன்.

“அம்மா, மூண்டு பிள்ளையளில ஒண்டுக்குக் கொஞ்சம் பயமாத்தான் கிடக்கு. மூச்சு எடுக்கக் கஷ்டப்படுது. எது எண்டால்...”

“எனக்குத் தெரியும் டொக்டர்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். “ஓம், நீங்கள் ஒவ்வொரு நாளும் பாக்கிறியள்தானே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் வேதத்தில், சாகக் கிடக்கிற பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சாமியார் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கிற எவரும் தண்ணீர் ஊற்றி அந்த வசனத்தைச் சொல்லலாம். சின்ன வயதில் உபதேசியார் சொல்லிக்கொடுத்தது. ஆளுக்கு ஒரு தடவைதான், இரண்டாம் தடவை ஊற்றினால் பாவம் என்றும் சொல்லிக்கொடுத்திருந்தார். மற்ற இரண்டு பேருக்கும் கோயிலில் வைத்துச் சாமியார் ஊற்றட்டும் என்று நினைத்தேன். கை கழுவிய குழாயில் உள்ளங்கை நிறையத் தண்ணீர் பிடித்து, கையைக் குவித்தபடியே உள்ளே போனேன். ஜன்னல் ஓரத்துப் பெட்டியின் வட்டக் கதவைத் திறந்தேன். பிதாவுக்கு ஒன்று, சுதனுக்கு ஒன்று, பரிசுத்த ஆவிக்கு ஒன்று. என் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பிள்ளை நெற்றியைச் சுருக்கியது.

“அம்மே! தண்ணி போட வேணாம், பபாவுக்குக் குளிர்!” என்று சிங்கள மிஸ்ஸி ஓடிவந்தாள். நான் வட்டக் கதவைச் சாத்தினேன். என் வேலை முடிந்திருந்தது.

மறுநாள் நான் வந்து சேரும்போது ஒரு பிள்ளை போய்விட்டிருந்தது. வெள்ளைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். குழாய் இல்லாத முகத்தை அன்றுதான் முதல்முதல் பார்த்தேன். மூன்றுக்கும் ஒரே முகம். ஜன்னல் ஓரத்துப் பிள்ளைதான் இது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தோட்டத்து ஆசாரி சின்னதாக ஒரு பெட்டி செய்து கொடுத்தார். சாமியாரும் நானும் இன்னும் நாலு பேருமாகப் புதைத்துவிட்டு வந்தோம்.

ஒன்பதாம் நாள் மகளுக்கு நினைவு வந்தது. நடந்ததைச் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். அப்படியே கேட்டாள்.

“தண்ணி ஊத்துனீங்களா பெரியம்மா?”

“ஊத்துனேன். எங்கம்மா பேரத்தான் வச்சேன்.”

“அப்ப சரி” என்றாள். அன்றைக்குத்தான் கஞ்சி குடித்தாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடந்தாள், பால் பீய்ச்சிக் கொடுத்தாள், மற்ற இரண்டையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் ஜன்னல் ஓரத்தில் யாரோ வேறு ஒருத்தியின் பிள்ளை கிடந்தது. சும்மா பேச்சுக்குத்தான் மிஸ்ஸியிடம் கேட்டேன்.

“அது லைட் போடுற எடம் அம்மே. மஞ்சள் கூடின பபாவ அங்க வைப்போம். நேத்து ஒரு பபா, இன்னைக்கு ஒரு பபா. ஒங்க பபா மூணும் மாறி மாறி அங்க இருந்திச்சிதானே.”

“அன்னைக்கு, நான் தண்ணி ஊத்துன அன்னைக்கு, எந்தப் புள்ள இருந்திச்சி?”

அவள் யோசித்துப் பார்த்தாள். “இப்ப எப்படி அம்மே சொல்ல?”

பெஞ்சுக்கு வந்தேன். பக்கத்தில் ஒருத்தி மகன் படத்தைப் போனில் காட்டினாள். என்ன சொன்னேனோ நினைவில்லை. சொல்ல வேண்டியவளிடம் சொல்ல முடியவில்லை. அவள் பிடித்திருந்ததே அந்த ஒரு சொல்தான்.

ஐம்பத்திரண்டாம் நாள் வேன் பிடித்து இரண்டு பிள்ளைகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இரண்டும் இரண்டு கிலோவுக்குள்தான். லயத்து வீட்டு வரிசையில் எல்லாரும் பார்க்க வந்தார்கள். நான் வாசலை விட்டு அசையவில்லை.

“என்னக்கா, வெள்ளக்காரன் பங்களாவா? பாஸ் எடுத்துட்டு வரணுமா?” என்றாள் அடுத்த காம்பராக்காரி.

“கையக் கழுவிட்டு வா. பாஸ் தாரேன்.”

“கழுவிட்டேன்.”

“அப்ப ரெண்டாந்தரம் கழுவு. சவுக்காரம் அங்க இருக்கு.”

மகள் உள்ளே சிரித்தது கேட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. அதற்காகவே இன்னும் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் கொஞ்சம் தேறியதும் ஞானஸ்நானத்துக்கு எழுதிவைக்கச் சாமியாரிடம் போனோம். ஆளுக்கொரு பிள்ளை கையில். அவர் புத்தகத்தைத் திறந்துவைத்துக் கேட்டார்.

“ஆஸ்பத்திரியில யாராவது தண்ணி ஊத்துனீங்களா?”

“போன புள்ளைக்குப் பெரியம்மா ஊத்துனாங்க சாமி. இதுகளுக்கு இல்ல” என்று மகள் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பெருமையாகப் பார்த்தாள். சாமியார் பேனாவை எடுத்தார்.

நான் பேசாமல் இருந்திருந்தால் அது அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் நான் தண்ணீர் ஊற்றிப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளை என் மடியிலேயே இருந்தாலும் இருக்கலாம்.

“எழுதாதீங்க சாமி” என்றேன். “எந்தப் புள்ளைக்கு ஊத்துனேன்னு எனக்குத் தெரியாது.”

லைட் கதையைச் சொன்னேன். டொக்டரைப் பேசவிடாமல் மறித்ததையும் சொன்னேன். சாமியார் கோபப்படவில்லை. இதற்கு ஒரு வழி இருக்கிறது, ‘இதற்கு முன் பெறாமல் இருந்தால்’ என்று ஒரு சொல் சேர்த்து இரண்டு பேருக்கும் கொடுக்கலாம், பாவமில்லை என்றார். போன பிள்ளையை ஆண்டவர் வெளியே நிறுத்திவைக்க மாட்டார் என்றும் சொன்னார். மகள் அதைக் கேட்டமாதிரித் தெரியவில்லை.

வீட்டுக்கு ஏறுகிற பாதையில்தான் கேட்டாள். “அந்த மிஸ்ஸிக்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே பெரியம்மா.”

“கேட்டிருக்கலாம்.”

“ஏன் கேக்கல?”

“வெக்கமா இருந்திச்சி.”

அதற்குப் பிறகு பேச்சில்லை. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை இரண்டு பிள்ளைக்கும் பால் போகவேண்டும். சின்னக் கோப்பையால் துளித்துளியாகக் கொடுத்தால் ஒன்றுக்கே அரை மணி நேரம் ஆகும். ஒருத்தியால் முடியாது. ஒரு பிள்ளையை என் கையில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டிலின் மறுபக்கம் போய் உட்காருவாள். ஒரு கட்டிலில் இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு ஐந்து நாள் இருந்தோம்.

ஆறாம் நாள், பால் கொடுத்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள். “ஒங்கம்மா பேர இவளுகளுக்கு வைக்கப் போறதில்ல. அது போனவ பேரு. நீங்க ஊத்துனது அவளுக்குத்தான். நான் அப்புடித்தான் வச்சிக்கிடப் போறேன். நீங்க அதப்பத்தி ஒண்ணும் பேச வேணாம்.”

“சரி” என்றேன்.

அவள் அப்படி வைத்துக்கொண்டாள். வைத்துக்கொள்ள அவளால் முடிகிறது. இப்போது புருஷனும் திரும்பி வந்துவிட்டார். பிலிமத்தலாவையில் வீடு எடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையில் போன் எடுத்து இரண்டு பிள்ளைகளையும் காட்டுவாள். நான் வாய்க்குள் என் அம்மாவின் பெயரை மெதுவாகச் சொல்வேன். எவள் திரும்பிப் பார்க்கிறாள் என்று பார்ப்பேன். ஒரு நாள் ஒருத்தி பார்க்கிறாள், ஒரு நாள் மற்றவள். சில நாள் ஒருத்தியும் பார்ப்பதில்லை.