சென்ட் படத்துக்கு நேர்ந்த மெழுகுவர்த்தி

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழு வருஷமாகத் தயங்கிவிட்டேன். இரண்டு தடவை நோட்டில் ஆரம்பித்து, பயத்தில் கிழித்து அடுப்பில் போட்டேன். நான் படித்தது எட்டாவது வரைதான். பிழை இருக்கும், பொய் இருக்காது.

அப்போது ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டிக்குத் தாள் விரிக்கும் வேலைக்குப் போய்வந்தேன். வெளிநாட்டுப் பழைய பேப்பர் கட்டுக்கட்டாக வரும். ஒருநாள் ஒரு கட்டின் நடுவே, ஏதோ பழைய புத்தகத்தின் வழவழப்பான தாள் ஒன்று கிடைத்தது. அதில் கறுப்புச் சட்டையைக் கழுத்துவரை பூட்டிய ஒரு பெரியவர் படம். ஒட்டிய கன்னம், கோத்த விரல்கள், தலைக்குப் பின்னால் மட்டும் வெளிச்சம். அவர் முன்னால் பொன்னிறத்தில் ஏதோ நிறைந்த கண்ணாடிக் குப்பி. மடித்து ஒட்டியிருந்த ஓரத்தைப் பிரித்தேன். மல்லிகையும் சாம்பிராணியும் கலந்தாற்போல் ஒரு மணம் வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

புனிதர்களின் உடலிலிருந்து பூமணம் வீசும் என்று மாதா கோயிலில் கேட்டு வளர்ந்தவள் நான். குப்பியில் இருப்பது புனித எண்ணெய், இவர் யாரோ வெளிநாட்டுப் புனிதர் என்று நினைத்துக்கொண்டேன். கீழே இருந்த எழுத்தை எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு கடையில் கொடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டேன். எங்கள் கோயிலில் திருவிழாப் பூசை முடிந்ததும் அவரவர் படத்தையும் செபமாலையையும் தூக்கிப் பிடிப்போம். சாமியார் தீர்த்தம் தெளித்தபடி போவார். அத்தனை கூட்டத்தில் யார் கையில் என்ன படம் என்று அவர் எங்கே பார்ப்பார்? அப்படி மந்திரித்து வந்து, வீட்டுப் பீடத்தில் மாதாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். தெருப் பெண்கள் வந்து சட்டத்தின் இடுக்கில் மோந்து பார்த்துக் கண்ணீர் விட்டார்கள்.

மகளுக்குத் தலைப்பிரசவம். எட்டாம் மாதத்தில் பிரஷர் ஏறி, திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு வந்தால், பிள்ளையின் நீளத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக அந்தப் படத்தின் முன்னால் நேர்ந்துகொண்டேன். மகளும் கும்பிடட்டும் என்று படத்தை போனில் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் போனை வாங்கிச் செத்த நேரம் எதையோ தேடினாள்.

"ஏம்மா, இது சாமி இல்லம்மா. சென்ட் விளம்பரம்!"

"வாயக் கழுவுடி."

"இந்தா, நீயே பாரு. இவரு துணி டிசைன் போடுறவரு. பணக்காரப் பொம்பளைகளுக்குக் கவுன் தைக்கிறவரு. பாட்டில்ல இருக்குறது அவரு பேரு போட்ட சென்ட்டு."

"அப்ப அந்த மணம்?"

"மோந்து பாத்துட்டு வாங்கட்டும்னு தாள்லயே தடவி வச்சிருக்கான்." வயிறு குலுங்கச் சிரித்தாள். "அவருகிட்டதான் நேந்துக்கிட்ட, எனக்கு ஒரு கவுனாச்சும் கேட்டிருக்கலாம்ல!"

அன்று மத்தியானமே அவளுக்குத் தலை பிளக்கிற வலி. கண் மங்குகிறது என்றாள். உடனே ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லி, தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

கதவுக்கு வெளியே செபமாலையை எடுத்தேன். கண்ணை மூடினால் மாதா வரவில்லை. அந்தக் கறுப்புச் சட்டைக்காரர்தான் வந்தார். சின்ன வயதிலிருந்து சொல்லும் செபம் பாதியில் மறந்துபோனது. ஆண்டவர் இருக்க வேண்டிய இடத்தில் யாரையோ வைத்தேன், அதற்குக் கூலி என் பிள்ளையிடம் கேட்கப்படுகிறது என்று நினைத்தேன். கண்ணைத் திறந்து, கதவின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே செபித்தேன்.

"என்னங்க, ஒரு டெய்லரக் கும்பிட்டுட்டேங்க" என்று வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"அந்தாளு மேல என்னடி தப்பு? அவன் சென்ட் விக்க போட்டோ எடுத்தான். மண்டி போட்டது நீதான்."

சரிதான். ஆனாலும் அந்த முகத்தை அப்படி வெளிச்சம் வைத்து எடுத்தவர்கள், பார்க்கிறவர்கள் மயங்கட்டும் என்றுதானே எடுத்திருப்பார்கள்?

பிள்ளை அழும் சத்தம் கேட்டது. இரண்டு உயிரும் வீடு வந்தன. மெழுகுவர்த்தியை மாதா கோயிலில் ஏற்றினேன். நேர்ந்தது ஒருவருக்கு, ஏற்றியது வேறிடத்தில். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. மந்திரித்த படத்தை எரிக்கவும் முடியாமல், வைக்கவும் முடியாமல் பெட்டிக்கு அடியில் போட்டேன்.

"உங்க வாசனைப் புனிதரு காப்பாத்திட்டாரு" என்று தெருவே சொன்னது. நான் வெட்கப்பட்டு வாயைத் திறக்கவில்லை. அதுதான் என் பாவம். அதற்குள் படத்தை போனில் பிடித்து, பிரதி எடுத்து, எத்தனையோ வீடுகளில் மாட்டிவிட்டார்கள்.

போன வாரம் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வந்தாள். அவளுக்கும் பிரஷர். "அக்கா, மாத்திரைய நிப்பாட்டிட்டேன். அந்த நெசப் படத்த ஒருக்கா மோந்துக்கிட்டாப் போதும்" என்றாள். உட்கார வைத்து உள்ளதைச் சொன்னேன். "குடுக்க மனசில்லைன்னா விடுங்கக்கா, ஏன் சாமியப் பழிக்கிறீங்க?" என்று எழுந்து போய்விட்டாள்.

அதனால்தான் எழுதிவிட்டேன். இதைப் படிக்கிறவர்கள் தெரிந்த நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் மணத்தைச் சொல்லிவிட்டு, சென்ட்டை விட்டுவிடாதீர்கள். ஆபரேஷனையும் டாக்டரையும் விட்டுவிடாதீர்கள். என் மானத்தை நினைத்து ஒரு வரியையும் குறைக்க வேண்டாம், பக்தியில் ஒரு வரியையும் கூட்ட வேண்டாம். இருக்கிறபடியே அவள் காதில் போய்ச் சேரட்டும். அவளுக்கு இது எட்டாம் மாதம்.