வேப்பம்பிசினும் தின்னரும்

காலை பத்தேகாலுக்கு அண்ணனின் காரில் பெயிண்ட் உரிந்தது. பத்து இருபதுக்கு அவர் என் மகளை அறைந்தார். பத்தரைக்கு அவள் வீட்டில் இல்லை. இத்தனை வருடம் கழித்தும் இந்த மணிக்கணக்கு எனக்கு மறக்கவில்லை.

அண்ணன் வீடும் என் வீடும் ஒரே காம்பவுண்டுக்குள். அவர் தீப்பெட்டி ஆபீஸ் நடத்தினார்; தொழிற்சாலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். நான் பள்ளியில் வேதியியல் வாத்தியார். மறுநாள் அவர் மகனுக்குப் பசுவந்தனையில் நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டிய சிவப்புக் கார் மாதக்கணக்கில் வேப்பமரத்தடியில் கிடந்து, கூரையெல்லாம் பிசின் சொட்டி இறுகியிருந்தது. அதற்கு அடியில் மெழுகு. தீக்குச்சி முக்குகிற மெழுகைத்தான் பளபளப்புக்கென்று ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அண்ணன் தேய்ப்பார். பழசை எடுக்காமல் புதுசைத் தேய்த்து, கரிசல் புழுதி அதில் அப்பி, கார் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது.

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடித்து வீட்டில் இருந்த என் மகளிடம் அந்த வேலையைக் கொடுத்தார். நான் வழி சொன்னேன். வேப்பம்பிசின் தண்ணீரில் கரையும். வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டு ஊறவிட்டால் விரலால் தள்ளினாலே வந்துவிடும். பிளேடு கூடாது. மெழுகுக்கு மட்டும் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய், பிறகு சோப்புத் தண்ணீர். அப்படியே செய்தாள். பிசின் சுத்தமாகப் போய்விட்டது. மெழுகுக்கு வந்தபோது அண்ணன் ஒரு டின்னை நீட்டினார்.

"பெரியப்பா, இது மண்ணெண்ண வாடை மாதிரி இல்லயே?"

"மோந்து பாக்கவா குடுத்தேன்? காரத் தொடைட்டி."

"அப்பாட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"ஆமா, ஒங்கப்பன் பத்து காரு வச்சிருக்கான், அவன்ட்ட கேளு."

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது. வாடையும் வந்தது. பெயிண்டைக் கரைக்கிற தின்னர். ஆபீஸ் போர்டுக்குப் பெயிண்ட் அடித்ததில் மிஞ்சியது. காருக்கு உள்ளூர்ப் பட்டறையில் அடித்த பெயிண்ட் அதைத் தாங்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் அண்ணனை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. கையிலிருந்த தாளை முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

சத்தம் கேட்டு வெளியே வந்தபோது காரின் முன்பக்கப் பானட்டில் உள்ளங்கை அகலத்துக்குத் தகரம் தெரிந்தது. துடைத்த துணியெல்லாம் சிவப்பு.

"மூதி! கண்ணு அவிஞ்சா போச்சு? நாளைக்கி இதுலயா போயி எறங்குவேன்?"

அறை விழுந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்தாள். "சரி, விடுங்கண்ணே," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்த 'சரி' இன்றைக்கும் என் வாயில் கசக்கிறது.

அவள் கேட்டைத் திறந்து போனதை யாரும் பார்க்கவில்லை. தோழிகள் வீடு, நூலகம், ரயில் நிலையம் எல்லாம் சைக்கிளில் அலைந்தேன். தண்டவாளத்தின் ஓரமாக வெகுதூரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எதைத் தேடிப் போனேன் என்று மனைவியிடம் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது.

"ஒங்க அண்ணன்ட்ட ஒரு வார்த்த கேக்க வாய் வரல. ஊரெல்லாம் தேடுதீகளாக்கும்!"

அண்ணன் பட்டறைக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து பானட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏலே, எங்க போயிரப் போறா? பசிச்சா வருவா. இங்கன வா, இந்தக் கலரு ஒத்து வருமான்னு பாரு," என்றார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை அடிக்கக் கை ஓங்கினேன். பட்டறைக்காரர் நடுவில் வந்து பிடித்துக்கொண்டார்.  அந்தத் தைரியம் காலையில் எங்கே போயிருந்தது? என்மேல்தான் எனக்கு அதிகக் கோபம்.

ஐந்தே முக்காலுக்கு அவளே வந்தாள். டவுன் பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தம் போய், அதே பஸ்ஸில் திரும்பி, மறுபடியும் போய், பகல் முழுக்க அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். கண்டக்டர்தான் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னாராம். கன்னத்தில் விரல் தடம் போகவில்லை. அவள் அம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். நான் கேட்டைத் திறந்தேன். மகள் உள்ளே கால் வைக்கவில்லை.

"பெரியப்பா இருக்காவளா?" என்று கேட்டாள். "இருந்தாவன்னா நீங்க சும்மாதான் நிப்பீங்க. நான் இங்கன வெளியவே இருந்துக்கிடுதேன்பா."