நேரே பார்த்தால் மறைகிற பொட்டு

என் புருஷன் முதன்முதலாக அப்படிக் கேட்டது ஒரு காலை வேளையில். இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. கருப்பட்டிக் காப்பியை நீட்டினேன். வாங்கியவர் என் நெற்றியையே உற்றுப் பார்த்தார்.

“ஏளா, பொட்டு வைக்கலியா?”

சற்று முன்தான் குங்குமம் வைத்திருந்தேன். தொட்டுக் காட்டினேன், விரலில் ஒட்டியது. விரலையும் பார்த்துவிட்டு, “சாம்பலையா பூசியிருக்க?” என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்து, “கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?” என்று சிடுசிடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அவர் தோணித் தண்டல். தூத்துக்குடியில் அப்போது பெரிய கப்பல்கள் கரைக்கு வராமல் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தோணியில்தான் கரைசேர்க்க வேண்டும். அந்தத் தோணியைச் சுக்கான் பிடித்து நடத்துகிறவர்தான் தண்டல். வாயில் சுருட்டு, கையில் கடுங்காப்பி. சோறு என்றால் மட்டும் முகத்தைச் சுளிப்பார். புகையும் காப்பியும் பசியை அடித்துவிடும். பாதித் தண்டல்கள் அப்படித்தான் இருந்தார்கள் என்பதால் நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கையில் ஓரக்கண்ணில் என் பொட்டு சிவப்பாகவே இருந்ததாம். முகத்தைத் திருப்பி நேரே பார்த்தால் அழிந்துபோகுமாம். தாலி வெள்ளி மாதிரி இருக்கிறது என்றார். ஒருநாள் இலையில் சோறு ஆறிக்கொண்டிருக்க, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “எதுக்க வாரவன் மூஞ்சியெல்லாம் செத்தவன் மூஞ்சி கணக்கா வெளுத்துக் கெடக்கு. உன் மூஞ்சியும்தான்.”

நான் கையால் நெற்றியை மூடிக்கொண்டேன்.

மாமியார் காதில் அது விழுந்துவிட்டது. “பொண்டாட்டி நெத்தி வெறுமையாத் தெரிஞ்சா புருசனுக்கு நாள் நெருங்கிட்டுன்னுல்லா அர்த்தம்!” என்று அலறி, திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் காசு முடிந்தார். நான் குங்குமத்தை அகலமாக அப்பிக்கொண்டேன். பார்க்கச் சகிக்காது, ஆனாலும் ஓரமாவது தெரியாதா என்று ஒரு பைத்தியக்கார ஆசை. அவர் வீட்டுக்குள் வந்தால் பக்கவாட்டில் போய் நின்றுகொள்வேன். அந்த மனுஷன் நேரே பார்க்கப் பார்க்க நான் விதவையாகிக்கொண்டிருந்தேன்.

துறைமுக வழியில் ஒரு ஓரம் சிவப்பு மிதவையும் மறு ஓரம் கறுப்பு மிதவையும் போட்டிருக்கும், அவற்றுக்கு வெளியே ஆழமில்லை. ஒரு சாயங்காலம் மங்கிய வெளிச்சத்தில் சிவப்பைக் கறுப்பு என்று எண்ணித் தப்பான பக்கம் தோணியை விட்டார். அடிப்பாகம் மணலில் உரசி நின்றது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தோணி முதலாளி, “கண்ணைக் காட்டிட்டு வாரும். இல்லேன்னா சுக்கானை வேற ஆள்கிட்ட குடுத்துருவேன்” என்று கறாராகச் சொல்லிவிட்டார். சுக்கானை விட்டால் அவருக்கு வேறு பிழைப்புத் தெரியாது. எங்களுக்கும் அவரை விட்டால் நாதியில்லை.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் சிவப்புத் தலை வைத்த குண்டூசியை அவர் கண்ணுக்கு நேரே பிடித்து, என்ன நிறம் என்று கேட்டார். “வெள்ளை.” ஊசி மெல்ல ஓரத்துக்குப் போனது. “சிவப்பு.” பிறகு ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் நிறுத்தி வைத்தார். ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளிவாக நிற்க வேண்டிய நீர், கஞ்சித் தண்ணீராக வெளுத்து நின்றது. உயிரோடிருக்கிற ஒருவருக்குள் இப்படியொன்று ஓடுமா என்று எனக்குக் குமட்டியது.

“இது கொழுப்பு. இதுல கொலஸ்ட்ரால்னு ஒண்ணும் உண்டு. இருக்கக் கூடாதது நிறைய இருக்கு, இருக்க வேண்டிய வைட்டமின் இல்ல. சோத்துக்குப் பதிலா சுருட்டும் காப்பியுமா ஓட்டியிருக்கீங்க. கண் நரம்பு பட்டினி கெடக்கு, வேற ஒண்ணுமில்ல. ரெண்டையும் விட்டுருங்க. கீரை, பயறு, மீன், கைக்குத்தலரிசி சாப்பிடுங்க” என்றார் டாக்டர்.

வடிகட்டாமல் கொதிக்கவைத்துக் குடிக்கும் காப்பியும் சுருட்டும் அந்தக் கொழுப்பைக் கூட்டும் என்று வெகுகாலம் கழித்து நான் படித்தேன். அன்றைக்கு, பேயுமில்லை சகுனமுமில்லை என்பதே எனக்குப் போதுமாயிருந்தது.

சுருட்டை விட்ட மனுஷனோடு குடித்தனம் நடத்துவதற்குத் தனிப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. கத்திக்கொண்டே ஊட்டினேன். மீனும் கீரையும் அவர் இலைக்கே போயின. வாங்கி வைத்த காப்பித்தூளை வீணாக்க மனமில்லாமல் நான் குடித்துத் தீர்த்தேன். அதைக் குடித்தால் பசி தெரியாது, அவருக்கு இன்னொரு கரண்டி வைக்கலாம்.

தாலி மெல்ல மஞ்சளாயிற்று. ஒரு காலை, “பொட்டு தெரியுதுளா!” என்றார். மாமியார் கற்பூரம் தேடி ஓடினார். என் புருஷன் மட்டும் என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“தெருவுல எல்லாரு மூஞ்சிக்கும் ரத்தம் திரும்பிட்டு. உனக்கு மட்டும் அப்படியே வெளுத்துக் கெடக்கு.”

கண் இன்னும் முழுசாகத் தேறவில்லை என்று அன்றே அவரை இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் குண்டூசியை நேரே பிடித்தார். சிவப்பு. எங்கே கொண்டுபோனாலும் சிவப்பு. ஊசியை மேஜைமேல் வைத்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். என் கீழிமையை இழுத்துப் பார்த்தார், நகங்களைப் பார்த்தார்.

“அவருக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுதும்மா. உங்க உடம்புலதான் ரத்தமே இல்ல. நீங்க என்ன சாப்பிடுதீங்க?”

“காப்பி” என்றேன். பக்கத்தில் நின்ற என் புருஷன் தேம்பித் தேம்பி அழத் தொடங்கினார்.