கரிசல் வெடிப்பை அளந்த கனி டீச்சர்

கனி டீச்சர் போய்விட்டார்.

காலையில் அவர் நம்பரிலிருந்தே குரூப்பில் மெசேஜ் வந்தது. அந்த நம்பரிலிருந்து எப்போதும் ஒரே விஷயம்தான் வரும்... "நாளைக்குப் பிள்ளைகளுக்குப் பழைய துணி போட்டு அனுப்புங்க." நானும் வாசிக்காமலே "சரிங்க டீச்சர், அனுப்பிடுதேன்" என்று போட்டு, கூடவே ஒரு கட்டைவிரலையும் தட்டிவிட்டேன்.

அது அவர் மகன் போட்ட மரணச் செய்தி. என் மனைவி போனைப் பிடுங்கி அழிப்பதற்குள் பாதி ஊர் பார்த்துவிட்டது. மகள் நாலாம் வகுப்புக்குப் போன பிறகும் அங்கன்வாடி குரூப்பிலிருந்து வெளியே வரத் தெரியாத ஆள் நான்.

தெரியாதவர்களுக்கு... கனி டீச்சர் எங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சர். கோவில்பட்டியிலிருந்து கடம்பூர் போகிற வழியில், உள்ளே தள்ளி எங்கள் ஊர். ஒரு ரூம், ஒரு வேப்பமரம், பின்னால் கொஞ்சம் கரிசல் தரை. ஊஞ்சல், சறுக்கு எதுவும் கிடையாது. அந்த வெறும் தரைதான் பிளேகிரவுண்டு.

என் மகள் யாழினிக்கு அப்போது நாலு வயது. வீட்டில் வாய் ஓயாது. வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது.

கோவில்பட்டியில் எல்.கே.ஜி. சேர்க்கக் கூட்டிப் போனோம். பெயர் கேட்டார்கள், கலர் கேட்டார்கள். பிள்ளை என் வேட்டிக் கரையையே பார்த்துக்கொண்டு நின்றது. பேச ஆரம்பித்த பிறகு கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

அதனால்தான் அங்கன்வாடி. அங்கே என்னடா என்றால், பாதி நேரம் பிள்ளைகள் வெளியேதான் கிடந்தார்கள்.

ஒரு நாள் லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டுச் சண்டைக்கே போனேன். பத்தாவதில் கணக்கில் ரெண்டு தடவை கோட்டை விட்டவன் நான்... டீச்சருக்கே பாடம் நடத்தினேன். ஏபிசிடி எப்போது வரும், புழுதியில் கிடந்தால் பிள்ளைக்குப் பேச்சு எப்படி வரும் என்று.

டீச்சர் கோபப்படவில்லை. ஒரு பருத்திக் குச்சியை என் கையில் கொடுத்து, "இந்த வெடிப்பு எம்புட்டு ஆழம்னு சொல்லுங்க அண்ணாச்சி" என்றார்.

கோடையில் எங்கள் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பிள்ளைகள் ஆளுக்கொரு குச்சியை வெடிப்பில் விட்டு, எதுவரை இறங்குகிறதோ அங்கே நூல் கட்டுவார்கள். பிறகு சாண் போட்டு எண்ணுவார்கள். எது நெட்டை, எது குட்டை என்று ஒரே வழக்கு. கையை உள்ளே விடக் கூடாது, பூரான் இருக்கும்... டீச்சர் போட்ட ஒரே சட்டம் அதுதான்.

நான் ரெண்டு சாண் என்றேன். நாலு போனது. எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். என் மகள் மட்டும் குச்சியைப் பிடித்துக்கொண்டு தனியே நின்றாள்.

எனக்குக் காதில் விழுந்தது பூரான் மட்டும்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் கேட்காமல் ஒரு லோடு சரள் மண் கொண்டுவந்து, மொத்த வெடிப்பையும் மூடி மிதித்துச் சமமாக்கிவிட்டேன். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸும் வைத்தேன், 'நம்மால் முடிந்த சிறு உதவி' என்று.

திங்கட்கிழமை குச்சியோடு வந்த பிள்ளைகள் தரையைப் பார்த்துவிட்டு ஒரே அழுகை. டீச்சர் தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பிள்ளைக சிலேட்டை அழிச்சுப்போட்டியளே அண்ணாச்சி" என்றார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"ஏம்ப்பா மூடுன? என் வெடிப்பு அஞ்சு சாண்ப்பா. நாந்தான் ஃபர்ஸ்ட்டு. ஏன் மூடுன?"

யாழினி. அத்தனை பேருக்கு முன்னால். என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு.

டீச்சர் அவளைத் தூக்கவில்லை, கைதட்டவில்லை. ஏதோ தினமும் நடக்கிற விஷயம் மாதிரி, "நல்லாக் கேளு தாயி, விடாத" என்று மட்டும் சொன்னார்.

அவள் விடவில்லை. மத்தியானம் வரை மண்வெட்டியோடு சரள் அள்ளினேன். மேஸ்திரி என் மகள்தான். இங்கன அள்ளு, அங்கன விட்டுட்ட என்று ஒரே அதிகாரம். திட்டு வாங்கி வாங்கி எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வெடிப்புக்குள் போன சரள் போனதுதான். ஆனால் மழை பெய்து மண் ஊறி மூடிக்கொண்டது. அடுத்த கோடையில் வேறு இடத்தில் புதிதாக வெடித்தது. முதல் குச்சி யாழினியுடையது.

மழைக்காலத்துக்கு வேறு விளையாட்டு. ஈரக் கரிசலில் நடந்து, எத்தனையாவது அடியில் செருப்பு கழன்று மண்ணோடு நிற்கிறது என்று எண்ண வேண்டும். என் மகள் இருபது வரை எண்ணப் படித்தது அப்படித்தான். நானும் ஒரு தடவை நடந்தேன்... பன்னிரண்டாவது அடியில் செருப்பு நின்றுவிட்டது, நான் செருப்புக்கு ரெண்டடி முன்னால் விழுந்து கிடந்தேன்.

அடுத்த வருஷம் அதே கோவில்பட்டி ஸ்கூல். பெயர் சொன்னாள், ஊர் சொன்னாள். யாரும் கேட்காமலே அவர்கள் மேஜையைச் சாண் போட்டு அளந்து சொன்னாள். கடைசியில் "போதும்மா, உக்காரு" என்று அவர்களே சொல்லும்படி ஆனது. நான் வெளியே வந்து, யாரும் பார்க்காத இடத்தில் ரெண்டு குதி குதித்தேன்.

இன்று மத்தியானம் டீச்சர் வீட்டுக்குப் போனோம். மாலையை வைத்து, காலைத் தொட்டு, "போய்ட்டு வாங்க டீச்சர்" என்றேன்.

யாழினி, வந்திருந்த அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, வெடிப்பில் எப்படிக் குச்சி விட வேண்டும் என்று டீச்சர் சொன்னதைக் கையை விரித்து விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். தெருமுனை வரை கேட்டது. பெரியவர் ஒருவர் என் தோளைத் தொட்டு, துட்டி வீட்டில் பிள்ளையைக் கொஞ்சம் அமர்த்தச் சொன்னார்.

தலையாட்டிவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். 'ஏட்டி, சத்தம் போடாத'... நாக்கு நுனி வரை வந்தது.

சொல்லவில்லை.