மருந்துவண்டிக்குப் பனஞ்சட்டம்

மக்டலீனை எனக்குப் பிடிக்காது. வேலிக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானுமாய் வருடக்கணக்கில் முறைத்துக்கொண்டிருக்கிறோம். என் கோழி வேலி தாண்டினால் கல்லெறிவாள். நான் வாய் திறந்தால் என் பரம்பரையையே இழுப்பாள்.

வட்டுக்கோட்டையில் அவள் குடியிருப்பது வீட்டில் அல்ல, ஒரு வண்டிக்குள். முன்னொரு காலத்தில் மிஷன் தாதி ஒருத்தி ஊர் ஊராய் மருந்து கொடுக்க வைத்திருந்த வண்டி. ஜீப்புக்குப் பின்னால் கொழுவி இழுக்கும் சின்ன வீடு. வெளியே அலுமினியத் தகடு, உள்ளே மரச்சட்டம். தாதி தன் நாட்டுக்குப் போனபோது சாரதியாக இருந்த மக்டலீனின் தகப்பனுக்கே அதை விட்டுப் போனாள். அவர் வளவின் பின்மூலையில் நிறுத்திவைத்தார். யுத்தம் முடிந்து, புருசனைப் பறிகொடுத்து, வெறுங்கையோடு வன்னியிலிருந்து வந்த மக்டலீன் அதற்குள் ஏறினாள். தகப்பன் அப்போது உயிரோடு இல்லை. பூட்டிக் கிடந்த வீட்டின் திறப்பு லண்டனிலிருந்த தம்பி றோகானிடம் இருந்தது. அவன் கொடுக்கவில்லை.

போன வருடம் வந்திறங்கினான். பழைய வீட்டை இடித்து விடுதி கட்டப் போகிறானாம்.

“உனக்குச் சீதனமாய் அராலியிலை காணி தந்தாச்சு. இந்த வளவிலை உனக்கொண்டும் இல்லை. வண்டியோடை அங்கை போ.”

“அந்த உவர்த்தரையிலை குடிக்கத் தண்ணி இருக்கோ? நீ போய் இரன்.”

அவன் வண்டிக்குள் எட்டி யன்னலுக்குக் கீழே மரத்தில் விரலால் குத்தினான். விரல் உள்ளே போனது. “முழுக்க உக்கிப்போச்சு. உடைச்சுப் பழைய இரும்புக்குப் போடலாம்.”

“உடைச்சுப் பார்.” மண்வெட்டியைத் தூக்கிவிட்டாள்.

போதகர் ஓடிவந்து இருவருக்கும் நடுவில் நின்று தீர்ப்புச் சொன்னார். வண்டியை உடைக்கக் கூடாது. றோகான் அதைத் திருத்தி, முழுதாக அராலிக்கு இழுத்துக் கொடுக்க வேண்டும். அவள் சத்தம் போடாமல் போக வேண்டும். இருவரும் வேதாகமத்தில் கைவைத்துச் சம்மதித்தார்கள். சனியன் தொலைந்தது என்று நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

பழைய வீட்டை இடித்து முடித்ததும், சுன்னாகத்திலிருந்து வந்த தச்சர் குகதாசன் வண்டியின் தகட்டைக் கழற்றினார். சட்டங்கள் மாவாகக் கையோடு வந்தன. யன்னல் ஓரத்தால் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது. மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொண்டது.

“பாரமில்லாத மரம் எடுக்கோணும் அண்ணை,” என்றார்.

“அதுக்கு வேறை நான் காசழிக்கவோ? இடிச்ச வீட்டுக் கூரையின்ரை கைமரமெல்லாம் வைரம் பாய்ஞ்ச பனை. அதை வையும். நூறு வருசத்துக்கு அசையாது.”

“இது ஓடுற சாமான். பனை பொல்லாத பாரம்.”

“சொன்னதைச் செய்யும்.”

மக்டலீன் பக்கத்தில்தான் நின்றாள். வாயே திறக்கவில்லை. அவள் வாயை மூடி நின்றதை நான் கண்டது அன்றைக்குத்தான். குகதாசன் உளியையும் றோகானையும் சேர்த்துத் திட்டியபடி அடிச்சட்டம், விலாச்சட்டம், கூரைச்சட்டம் எல்லாவற்றையும் பனையிலேயே அறுத்துப் பூட்டினார். இடையிடையே அவள் விரலை மட்டும் நீட்டுவாள்: “இந்த மூலைக்கும் ஒண்டு.”

“வையும், வையும்,” என்பான் றோகான். “வழியிலை உடைஞ்சு இவள் திரும்பி வந்திடக் கூடாது.”

பழைய அச்சிலேயே இரண்டு புதுச் சில்லு பூட்டி, தகட்டை மூடி, ட்ராக்டரில் கொழுவினார்கள். மக்டலீன் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ட்ராக்டர் உறுமியது. வண்டி ஒரு முழம் நகர்ந்தது. அடியில் அந்த அச்சு படாரென்று முறிந்தது; சில்லு இரண்டும் அகன்று விரிய, வண்டி அப்படியே நிலத்தில் குந்திவிட்டது. சுவரில் ஒரு கீறல் இல்லை.

“இனி இதைக் கிறேனாலைதான் தூக்கலாம்,” என்றான் ட்ராக்டர்காரன். “இந்த ஒடுங்கின ஒழுங்கைக்குள்ளை கிறேன் வராது.”

றோகான் தகட்டை உதைத்தான். உள்ளே பனை, அவன்தான் காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினான்.

யன்னல் திறந்தது.

“அசையாது எண்டு நீதானே சொன்னனீ? மிஞ்சின பனையையும் கொண்டுவந்து போடு. வாசலுக்குப் படி கட்டோணும்.”

அவன் முகத்தைப் பார்த்து என் வயிறு குளிர்ந்துபோனது. வேலியைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“உனக்கென்னடி இளிப்பு? உன்ரை கோழி இனி இங்கை வந்தால் கறிதான்.”