சண்முகசுந்தரியின் வரிசை நியாயம்

திரும்பி வருகிற புத்தகத்தை நூலகர் சண்முகசுந்தரி முதலில் முகர்ந்து பார்ப்பார். மீன் வாடை, ஊதுபத்தி, பிள்ளைப் பவுடர். எந்த வீட்டில் எப்படிக் கிடந்தது என்று அதிலேயே தெரிந்துவிடும். பிறகுதான் கணினிப் பக்கம் திரும்புவார். தென்காசி வாசகர் மன்ற நூலகத்துக்கு அது வந்து இரண்டு வருடமாகிறது. இன்னமும் வேலைக்குப் புதிதாய்ச் சேர்ந்த பிள்ளையை அதட்டுவதுபோல் "ஏட்டி, முழிச்சிக்கிட்டு நிக்காத, சொல்லு" என்றுதான் அதட்டுகிறார். சாரல் காலத்தில் அதன் தலைக்கு ஒரு குளியல் துண்டும் உண்டு.

கேட்காமல் எதையும் செய்ய அவருக்குக் கை வராது. மின்விசிறியைக் கூட்டி வைக்கக்கூட அறையில் உள்ள அத்தனை பேரிடமும் சம்மதம் கேட்பார். வாசகர்கள் சலித்துக்கொள்வார்கள். அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்?

அன்று குற்றாலத்தில் வெள்ளம், குளிக்கத் தடை. அருவிக்கரை சிப்ஸ் கடையில் ராபியாவுக்கு என்ன வேலை இருக்கும்? கடையைச் சாத்திவிட்டு நூலகத்தில் வந்து நின்றாள். அவள் காத்திருந்த மர்ம நாவலின் இரண்டாம் பாகம் அன்று காலையில்தான் திரும்பி வந்து மேசையில் இருந்தது. லாட்ஜ் முதலாளியைக் கொன்றது யாரென்று சொல்லாமலே முதல் பாகம் முடிந்துபோனதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. முதல் ஆளாய் முன்பதிவு செய்தவள், சீசன் தொடங்கியதும் மூச்சுவிட நேரமில்லாமல், இப்போதைக்கு வேண்டாமென்று அந்த முன்பதிவை நிறுத்தி வைத்திருந்தாள். அடுத்த இடம் ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு செல்லச்சாமிக்கு. அவரோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் தயாராக வைத்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"எக்கா, அவரு கைக்குப் போச்சுன்னா அவ்வளவுதான். நேரா கடைக்கு வந்து, கொன்னவன் பேரச் சொல்லிட்டுத்தான் சிப்ஸே கேப்பாரு" என்றாள் ராபியா. செல்லச்சாமி மறுக்கவில்லை.

ராபியாவின் உறுப்பினர் எண்ணைத் தட்டினார் சண்முகசுந்தரி. 'முன்பதிவு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. வழங்க இயலாது' என்றது திரை. கீழே 'ரத்து செய்' என்று ஒரே ஒரு பொத்தான். அதை அழுத்தினால் பழைய முன்பதிவு அழிந்து ராபியா வரிசையின் கடைசிக்குப் போவாள், புத்தகம் ஏட்டுக்குப் போகும்.

"வந்து நிக்குத ஆளுக்கு இல்லங்கியே, ஒனக்குக் கண்ணு இருக்கா?" என்று திரையைக் கேட்டுவிட்டு, அந்த மென்பொருளை எழுதிக்கொடுத்த இலத்தூர் லிங்கேஸ்வரனுக்குப் போன் போட்டு விவரத்தைச் சொன்னார்.

"அவங்கதானக்கா நிறுத்தி வச்சாங்க?" என்றான் அவன்.

"தம்பி, நீ அருவிக்கு வரிசையில நிக்குத. எண்ண தேச்சிட்டு வந்துருதேன்னு பின்னால நிக்கவன்ட்ட சொல்லிட்டுப் போகுத. ஒனக்காக வரிச நிக்குமா?"

"நிக்காது."

"திரும்பி வந்தா?"

லிங்கேஸ்வரன் சிரித்துவிட்டான். "உள்ள விட்டுருவாங்க. போன வாரம் ஐந்தருவில நானே அப்படித்தான குளிச்சேன்."

"அம்புட்டுதான். வராத வரைக்கும் மத்தவங்களுக்குக் குடு. வந்துட்டான்னா, வேணுமான்னு கேட்டு அவ எடத்த அவட்டயே குடு."

போனை வைத்துவிட்டுச் செல்லச்சாமியிடமும் கேட்டார். "அண்ணாச்சி, ஒங்களுக்குச் சம்மதந்தான?"

ஏட்டையாவின் முகம் தொங்கிப்போயிற்று. "முன்னால நின்னவளுக்குத்தான குடுக்கணும். ஆனா சட்டுன்னு வாசிச்சிரச் சொல்லுங்க" என்று கண்ணாடியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

மூவரும் டீ வாங்கிக் குடித்து முடிப்பதற்குள் லிங்கேஸ்வரன் இலத்தூரில் இருந்தபடியே மென்பொருளைத் திருத்திவிட்டான், திரை மாறிவிட்டது. 'நிறுத்தி வைத்தவர் வந்துவிட்டாரா? அவருக்கே வழங்கலாமா?' என்று கேட்டது. சண்முகசுந்தரிக்குத் தாங்க முடியாத சந்தோஷம். கடைசியில் இதுவும் கேட்கப் பழகிவிட்டதே.

"அமுக்குங்கக்கா, சீக்கிரம்" என்றாள் ராபியா.

சண்முகசுந்தரி அமுக்கவில்லை. துண்டை விலக்கித் திரையை ராபியா பக்கம் திருப்பினார். மவுஸை மேசைமேல் அவள் கையருகே நகர்த்தி வைத்தார்.