மாம்பழச்சிட்டு விசிலடித்த காலை

கரண்ட் கட் பாதி நாளைத் தின்றுகொண்டிருந்த வருடங்கள் அவை. கரண்ட் இருக்கும் நேரமெல்லாம் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓடியாக வேண்டும்; அது ஓடும் நேரமெல்லாம் ஃபிட்டராகிய நான் பக்கத்தில் நின்றாக வேண்டும். ஷிப்மென்ட் போனபின் கிடைத்த ஞாயிற்றுக்கிழமையை வாடகை வீட்டில் குப்புறப் படுத்துத் தூங்கியே தீர்த்துவிடுவது என்றிருந்தேன். மனைவி விடவில்லை. அவளுடைய தம்பி அமராவதிக் காட்டில் காவலராகச் சேர்ந்திருந்தான். சரணாலயத்தைச் சுற்றிக் காட்டுகிறேன், குருவி பார்க்கலாம் என்று ஒரு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சனிக்கிழமை சாயங்காலமே மடத்துக்குளத்தில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குக் கிளப்பிவிட்டாள். பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கினேன்.

மறுநாள் விடிந்ததும் அணையைத் தாண்டிக் காட்டுக்குள் நடந்தோம். முன்னால் மச்சினன், நடுவில் நான், பின்னால் அவள். ஷிப்மென்ட் வாரம் முழுக்க நின்று வீங்கிய கால் ஒவ்வொரு கல்லுக்கும் முனகியது. வேலமரமும் முள்ளும் பார்க்க இவ்வளவு தூரமா என்று எரிச்சலாக வந்தது. ஒரு பனங்காடை நீல இறக்கையை விரித்துப் பறந்ததை நானும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. படுத்துக்கொண்டே பார்க்க முடிந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

"அது என்ன குருவி மாப்ள?" என்று கேட்டேன். பக்கத்து மரத்திலிருந்த நாலைந்து குருவிகளும் பறந்துவிட்டன.

"மெதுவாப் பேசுங்க மச்சான். இது ஷெட் இல்லீங்க" என்றான்.

கொஞ்ச தூரம் போனதும் கையைத் தூக்கி எங்களை நிறுத்தினான். மாம்பழச்சிட்டு என்று ஒரு குட்டி மஞ்சள் குருவி, இலைக்குள் இருந்து நீளமாக விசில் அடிக்கிறதாம். மனைவி கண்ணை மூடிக் கேட்டுச் சிரித்தாள். எனக்கு எங்கேயோ மயில் அகவுவது கேட்டது, என் மூச்சு கேட்டது. விசில் எதுவும் கேட்கவில்லை.

"கேக்குதுங்களா மச்சான்?"

தலையாட்டினேன். நிட்டிங் ஷெட்டில் பேசுவதில் பாதி யாருக்கும் விழாது. உதட்டைப் பார்ப்போம், கையைப் பார்ப்போம், மிச்சத்துக்குத் தலையாட்டிவிட்டுப் போவோம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் ஆட்டினேன்.

சற்று நேரம் கழித்து, மரத்தைப் பார்த்தபடியே அவன் மறுபடி ஏதோ முணுமுணுத்தான். மறுபடியும் தலையாட்டி, "நல்லாத்தான் பாடுது" என்றேன்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். "அது பாட்ட நிறுத்தி ரெண்டு நிமிசம் ஆச்சுங்களே மச்சான். எங்க போயிருச்சு, உங்களுக்குத் தெரியுதான்னு கேட்டேன்."

சிரித்துச் சமாளித்தேன். ஃபிட்டருக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். ஒரு ஊசியின் கொக்கி உடைந்தால், அத்தனை மெஷின் இரைச்சலுக்குள்ளும் அந்தச் சன்னமான டிக் டிக்கைப் பிரித்துக் கேட்டு, துணியில் கோடு நீளுவதற்குள் நிறுத்த வேண்டும். அதற்குத்தான் முதலாளி என்னை வைத்திருந்தார். சில மாதங்களாகக் கோடு விழுந்த துணி அதிகமாக வந்துகொண்டிருந்தது. நூல் சரியில்லை என்றேன். ஊசி மட்டம் என்றேன். ஆப்பரேட்டர்களைத் திட்டித் தீர்த்தேன். அவர்களில் ஒருவர், என்னைவிட வயதில் மூத்தவர், என் வாய்க்குப் பயந்து வேலையை விட்டே நின்றுவிட்டார். அவர் முகம்தான் அந்த மரத்தடியில் முதலில் நினைவுக்கு வந்தது.

அதற்கப்புறம் எத்தனை குருவி பார்த்தோம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு மரத்தடியிலும் காதைத் தீட்டி நின்றேன். செம்போத்தின் அடித்தொண்டைக் குரல் கேட்டது. சன்னமான எதுவும் கேட்கவில்லை. இந்த வேலை போனால் வேறென்ன தெரியும் எனக்கு?

திரும்பும்போது மச்சினன் முன்னால் போய்விட்டான். ஆற்றோரப் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் உட்கார்ந்தாள்.

"எனக்குக் காது போயிருச்சு போல" என்றேன்.

அவள் திடுக்கிடவில்லை. என் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பிவிட்டு, அப்புறம்தான் பேசினாள்.

"தெரியுமுங்க."

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசம் இருக்குமுங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இரண்டு வருடம் முன்னாலேயே தெரிந்திருந்தால் அந்த மனிதரை அப்படிப் பேசியிருப்பேனா?

"அப்பறம் ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று கத்தினேன்.

கம்பெனிச் செக்கிங் டேபிளில் பழுது தேடித் துணி பார்த்துப் பார்த்துச் சிவந்த கண்ணால் என்னை நேராகப் பார்த்தாள்.

"சொன்னனுங்க. டாக்டருகிட்டப் போலாம்னு மூணு தடவ சொன்னேன். மூணு தடவயும் தலையாட்டுனீங்க."